கேலரிக்கு அடியில் மூன்று அங்குலம்

போன வாரம் உங்கள் கட்டடப் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தபோது, பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், நீங்க செஞ்சதுலயே பெரிய தப்பு எது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து, "சாப்பாட்டு நேரமாயிட்டுல்லா" என்று தப்பித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியில்லை என்று பட்டது. கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். கம்பி எத்தனை எம்.எம்., ஜல்லி எத்தனை பங்கு என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, நாகலாபுரம் போகிற பக்கம், ஒரு கால்பந்து மைதானம் கட்ட வேண்டும். சும்மா கோல் கம்பம் நட்டுக் கோடு போடுகிற மைதானம் இல்லை. இரண்டு பக்கமும் கேலரி, உடை மாற்றும் அறைகள், தொழில்முறை அணிகள் வந்து ஆடுகிற தரம். சைட் எஞ்சினியராக என்னை அனுப்பினார்கள். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆற்றங்கரை ஊர்க்காரி, கரிசல் மண்ணைப் புத்தகத்தில் மட்டும்தான் படித்திருந்தேன்.

கோவில்பட்டி ஹாக்கி ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். சைட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினமும் ஒருவராவது கேட்பார், "ஹாக்கிக்கா கட்டுதீங்க?" இல்லை, கால்பந்துக்கு என்றால் முகம் விழுந்துவிடும். "அத இங்கன யாரு பாக்கப்போறா?"

அதைப் பார்க்க ஆசைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். தீப்பெட்டி வியாபாரத்தில் வளர்ந்து, பிறகு நூற்பாலையும் வைத்தவர். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. இளவயதில் சரக்கு விஷயமாகக் கல்கத்தா போனவர், மழையில் நனைந்துகொண்டு ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்திருக்கிறார். "அம்புட்டுச் சனமும் ஒரே மாதிரி மூச்சு விட்டுச்சும்மா" என்று என்னிடம் சொன்னார். அந்த மூச்சை இந்தக் காட்டில் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குமேல் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

முதல் கோடையிலேயே மண் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தது. சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் அளவு எடுக்கும்போது என் இரும்பு டேப் ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். தட்டுப்படவே இல்லை. வெயிலில் சுருங்குகிற இதே மண், ஐப்பசியில் நனைந்ததும் ஊறிப் பொங்கும். அதன்மேல் எது இருந்தாலும் தூக்கும். ஆடுகிறவன் கால் வெடிப்பில் சிக்கக் கூடாதென்று, ஆடுகளம் முழுக்கக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, லாரி லாரியாக, வெடிக்காத சிவப்புச் செவல் மண் கொண்டுவந்து நிரப்பினோம். மூன்று மாதம் என் கண்ணெல்லாம் அந்தச் செவல் மண்ணின் மேல்தான். கேலரிப் பக்கம் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அவ்வளவுதான்.

கேலரியின் தூண்கள் தரைக்குள் ஆழமாக இறக்கிய காங்கிரீட் பைல்கள் மேல் நின்றன, அவற்றுக்குப் பயமில்லை. தூண்களைத் தரையோரமாக இணைக்கிற காங்கிரீட் சட்டம் இருக்கிறதே, பிளிந்த் பீம், அதில்தான் ஒரு நுணுக்கம். அதற்கு அடியில் மூன்று அங்குலம் காலியாக விட வேண்டும். மழையில் மண் பொங்கினால் அந்தக் காலி இடத்துக்குள் பொங்கிக்கொள்ளும், பீமைத் தொடாது. மணல் பரப்பி, அதன்மேல் பீமை வார்த்து, இறுகிய பிறகு மணலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இரு ஓரமும் செங்கல் வைத்து மறைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

கிழக்குக் கேலரியில் தூணுக்குத் தூண் பன்னிரண்டு கட்டங்கள். முதல் ஏழு கட்டத்தைப் பெருமாள்சாமி கொத்தனாரின் ஆட்கள் கட்டினார்கள். அவர் புதூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் வைத்த செங்கல் வரிசையில் நூல் பிடித்துப் பார்க்கவே வேண்டாம். மீதி ஐந்து, சண்முகையா என்ற இன்னொரு கொத்தனாரின் செட்டுக்கு. சண்முகையா சொன்னதைச் செய்வார். சொல்லாத ஒன்றையும் செய்ய மாட்டார். பதினோரு மணிக்கு டீக்கடையில் இருப்பார். இரண்டு பேரையும் நிறுத்தி, "பீமுக்கு அடியில மூணு அங்குலம் காலியா இருக்கணும்" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். வேலை முடிந்ததும் சரிபார்ப்புத் தாள் வந்தது. 'பீமுக்கு அடியில் இடைவெளி உள்ளது' என்ற வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். குனிந்து பார்க்கவில்லை. அன்றைக்குச் செவல் மண் லாரி எட்டு நின்றிருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை பிறந்த இரண்டாவது வாரம், பெயிண்டர் வந்து கூப்பிட்டார்.

"மேடம், கெழக்குப் பக்கம் பின் சொவத்துல ஒரு கீறல். ரெண்டு தடவ பட்டி வச்சு அடச்சுட்டேன். வச்ச மறுநாளே திரும்ப வெடிக்கு."

போய்ப் பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து பார்க்கத் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, பக்கத்துக் கட்டத்தில் இன்னொன்று. எண்ணிக்கொண்டே போனேன். ஏழு கட்டத்தில் இருந்தது. எட்டாவதில் இல்லை. அதற்கப்புறமும் இல்லை.

தைப்பொங்கல் விடுமுறையில் திறப்பு விழா. வெளிமாநிலத்திலிருந்து ஒரு தொழில்முறை அணி வருகிறது, சுவரொட்டி அடித்தாகிவிட்டது. அண்ணாச்சியின் மானேஜர் சுவரைப் பார்த்துவிட்டு, "புதுக் கட்டடம்னா கீறல் விடத்தானே செய்யும். கெட்டியா ஒரு பூச்சு பூசிருங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் சங்கடம். புதுப் பூச்சு காய்ந்து வருகிற கீறலும், கட்டடம் நகர்ந்து வருகிற கீறலும் முதலில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு பழைய வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டுகளை வெட்டி, கீறலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் ஒட்டினேன். கண்ணாடி வளையாது, இழுபடாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை போனபோது ஏழில் ஐந்து உடைந்திருந்தன.

நேராக அண்ணாச்சியிடம் போய், "கெழக்குக் கேலரியப் பூட்டணும். காரணம் தெரியுத வரைக்கும் ஒரு ஆள் ஏறக் கூடாது" என்றேன்.

"சொவத்துலதானம்மா கீறல்? ஆள் உக்காருத படியில ஒண்ணும் இல்லியே?"

"இல்லதான். ஆனா சொவரு எதனால நகருதுன்னு எனக்குத் தெரியல, அண்ணாச்சி. தூணு எறங்கியிருந்தா படியும் போயிரும்."

"தெரியலன்னு சொல்லுததுக்கா உங்கள வச்சிருக்கு?" என்றார் மானேஜர்.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும், "தெரியாததத் தெரியும்னு சொல்லி ஆள ஏத்த மாட்டேன்" என்றேன். அண்ணாச்சி மேசையில் இருந்த கேலரிச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

டீக்கடை பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மதுரைக்குப் போன் போட்டேன். எங்கள் டிசைனர், வரைபடம் போட்டவர், அதிகம் பேசாத மனிதர். நான் பத்து நிமிஷம் கொட்டித் தீர்த்தேன். தூண் இறங்குகிறது, பைல் ஆழம் போதவில்லை, என்ன செய்யலாம் என்று.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கீறல் மேல அகலமா, கீழ அகலமா?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாளாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன். கண்ணாடி ஒட்டியிருக்கிறேன், பயந்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். கீறலைப் பார்க்கவில்லை.

"பாத்துட்டுப் பேசு" என்று வைத்துவிட்டார்.

ஏணி போட்டு ஏறினேன். உச்சியில் ஒரு பத்துப் பைசா நாணயத்தின் விளிம்பு நுழைந்தது. கீழே வரவரக் குறுகி, பீம் பக்கத்தில் கோடு மறைந்தேபோயிற்று. ஏழு கட்டத்திலும் அப்படியேதான். ஏணியிலேயே நின்றுவிட்டேன். ஒரு ரொட்டித் துண்டை இரண்டு கையிலும் பிடித்து, நடுவில் கட்டைவிரலால் கீழிருந்து அழுத்திப் பாருங்கள். மேல்பக்கம்தான் பிளக்கும். எதுவும் இறங்கவில்லை! ஏதோ ஒன்று அடியிலிருந்து இந்தச் சுவரை மேலே தள்ளுகிறது.

பயம் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்கிற அரிப்பு. தள்ளுவது மண்தான். ஆனால் மண் எல்லா இடத்திலும் ஒன்றுதானே? ஏன் ஏழோடு நின்றது? தண்ணீர் தேங்கியிருக்குமோ என்று வாய்க்கால் வாட்டம் பார்த்தேன். பார்த்தால், மழைத் தண்ணீர் முழுக்கக் கீறல் இல்லாத ஐந்து கட்டத்துப் பக்கம்தான் ஓடிச் சேர்கிறது. அதிகம் நனைந்த இடம் நன்றாக இருக்கிறது. குறைவாக நனைந்த இடம் பிளக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே அதை யோசித்து, சாம்பார் ஊற்ற மறந்து எழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு, பீமுக்குக் கீழே மறைப்புக்கு வைத்த செங்கல்லைப் பன்னிரண்டாம் கட்டத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். டொக்கு, டொக்கு என்று உள்ளே காலியான சத்தம். பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு. ஏழாவதில் சுத்தியல் ணங்கென்று திரும்பி வந்தது.

அந்தச் செங்கல்லைப் பெயர்த்துவிட்டு, ஈரத் தரையில் வயிறுபடப் படுத்து டார்ச் அடித்தேன். உள்ளே மூன்று அங்குலமும் சரளைக்கல்லும் சிமெண்டுமாக அடைத்திருந்தது. எவ்வளவு நேர்த்தியாக என்றால், யாருமே பார்க்கப்போகாத அந்த இருட்டில் கலவையைக் கரண்டியால் தேய்த்து மழமழப்பாக்கி இருந்தது. பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது.

சோம்பேறி என்று நான் நினைத்த சண்முகையாவின் ஐந்து கட்டமும் பிழைத்துக்கொண்டன. பொங்கிய மண்ணுக்கு அங்கே இடம் இருந்தது. பெருமாள்சாமியின் ஏழில் இடமே இல்லை. மண் கல்லைத் தள்ள, கல் பீமைத் தள்ளிவிட்டது.

இனி சொல்வது எனக்குப் பெருமையான பகுதி இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பு என்னுடையதில்லை, கொத்தனாருடையது என்ற நிம்மதி. மானேஜர் வந்து பார்த்து, "நாளைலருந்து அந்த ஆளும் அவன் செட்டும் உள்ள வரக் கூடாது" என்றபோது நான் மறுக்கவில்லை. மத்தியானம் தொடங்கி நாலரை மணி வரை, அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

நாலரைக்குப் பெருமாள்சாமி மட்டக்கோலையும் கரண்டியையும் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. இரக்கம் என்று நினைக்காதீர்கள். அந்த அரிப்புதான். இவ்வளவு நல்ல வேலைக்காரர் சொன்னதை ஏன் மீறினார்?

"நான் காலியா விடணும்னு சொன்னேன்லா கொத்தனாரே? என்னத்துக்கு அடச்சீங்க?"

அவர் நிமிரவில்லை. "காலின்னா மணல எடுக்கதுன்னு நெனச்சேன் மேடம். எடுத்துட்டுப் பாத்தா ஓட்டையாக் கெடக்கு. கட்டடத்துக்கு அடியில எவனாச்சும் ஓட்ட விடுவானா? பாம்பு அடையும், எலி தோண்டும். நீங்க அந்தச் செவ மண்ணுல அலையுதீங்க, இத மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்." கரண்டியைச் சாக்குக்குள் செருகினார். "பெரிய ஆபீசரு யாரும் வந்து பாத்தா உங்களுக்குல்லா கேவலம்? அதான் ரெண்டு ஞாயித்துக்கெழம எங்காளுகளக் கூட்டியாந்து அடச்சேன். உங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

அந்த மனிதர் என்னைக் காப்பாற்ற என்றே அதைச் செய்திருக்கிறார்.

"மண்ணு பொங்கும், அதுக்கு எடம் வேணும், அதான் ஓட்டன்னு நீங்க சொல்லலியே மேடம்" என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. அவருக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியிருந்தது.

"இருங்க. போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சியின் ஆலைக்கு ஓடினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடத் தோன்றவில்லை. பாதி தூரம் நடந்த பிறகுதான் வண்டி ஞாபகம் வந்தது.

அண்ணாச்சியிடம் சரிபார்ப்புத் தாளை நீட்டினேன். "இதுல என் கையெழுத்து இருக்கு. நான் குனிஞ்சு பாக்கல. என்ன செய்யணும்னு கொத்தனார்ட்டச் சொன்னேன், எதுக்குன்னு சொல்லல. அவர அனுப்பணும்னா மொதல்ல என்னத்தான் அனுப்பணும்." எங்கள் தலைமை அலுவலகத்துக்கும் இதையே எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். வேலை போனால் ஊரில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, மண்ணு காங்கிரீட்டயே தூக்குமா?" என்றார்.

"தூக்கிட்டு அண்ணாச்சி."

"எங்க, காட்டு."

இறங்குகிற வெயிலில், அந்தப் பெரிய மனிதர் வெள்ளை வேட்டியோடு கரிசல் சேற்றில் படுத்து, ஏழாம் கட்டத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எட்டாவதையும் பெயர்க்கச் சொல்லிப் பார்த்தார். ஓரமாக நின்ற கொத்தனாரைப் பார்த்து, "நீரா அடச்சது? எடுத்துருவீரா?" என்றார்.

"எடுத்துருவேன் அண்ணாச்சி."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மானேஜர் என்னோடு தை முடிகிற வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடைத்ததைவிட எடுப்பது கஷ்டம். ஒரே நாளில் எல்லாவற்றையும் உருவினால் பீம் ஒரு பக்கமாகச் சாயலாம். டிசைனரே மதுரையிலிருந்து வந்து, ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக எடுக்கச் சொன்னார். இந்த முறை நான் பெருமாள்சாமி ஆட்களையும் சண்முகையா ஆட்களையும் உட்காரவைத்து, ஒரு சட்டியில் காய்ந்த கரிசல் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது விளிம்புக்குமேல் எழும்பி வருவதைக் காட்டினேன். அரை நாள் போயிற்று. சண்முகையா டீக்கடைக்குப் போகவில்லை. அத்தனை பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமாள்சாமி வயிறுபடப் படுத்துப் படுத்து, உளியால் கொத்தி, பதினோரு நாளில் ஏழு கட்டத்தையும் காலி செய்தார். புதுக் கண்ணாடி ஒட்டினோம். உடையவில்லை.

"இனிமே தெறக்கலாம்லா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

நியாயமான கேள்வி. கண்ணாடி உடையவில்லைதான். ஆனால் மழை நின்று மண் சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஊறுகிற மண்ணில் அது தாங்குமா என்று அந்தக் கண்ணாடிக்கு இன்னும் தெரியாது. டிசைனரும் நானும் ஒன்றாகத்தான் சொன்னோம். ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவரை பூட்டு.

மேற்குக் கேலரியின் அடியையும் முன்பே தட்டிப் பார்த்திருந்தோம், எல்லாக் கட்டமும் காலியாகவே இருந்தது; திறப்பு ஆட்டத்தன்று அது நிரம்பி வழிந்தது. கிழக்கே, பூட்டிய கேலரிக்கு நன்றாக முன்தள்ளிக் கயிறு கட்டி, ஜனங்களைத் தரையில் உட்காரவைத்தோம். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஆட்டக்காரன் அதைக் கையில் எடுத்து எறிந்தபோது, "ஏலே, கையில எடுக்கான்! விசில் ஊதலியே!" என்று ஒரு பெரியவர் கத்தினார். அரை மணியில் அவரே பக்கத்து ஆளுக்கு விதி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோல் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெருமாள்சாமியும் கயிற்றோரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் எனக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதமும், ஒரு வருஷம் தள்ளிப்போன பதவி உயர்வும் கிடைத்தன. இரண்டும் சரிதான். தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குனிந்து பார்ப்பது அதன்பிறகு பழக்கமாகிவிட்டது. யாரிடமும் ஒரு வேலையைச் சொல்லும்போது, அது எதற்கென்று ஒரு வாக்கியமாவது சேர்த்துச் சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நேரமில்லை என்று எனக்குத் தோன்றிய நாட்களில்தான் அது மிகவும் தேவையாக இருந்திருக்கிறது.

அடுத்த ஐப்பசியில் முந்தின வருஷத்தைவிடப் பலத்த மழை. நான் அப்போது வேறு சைட்டுக்குப் போய்விட்டிருந்தேன். லீவு போட்டுக்கொண்டு வந்தேன். கேலரிப் பக்கம் போனால் பெருமாள்சாமி எனக்கு முன்னாலேயே அங்கே படுத்துக் கிடந்தார். புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தவர், மழை நின்றதும் பஸ் ஏறி வந்திருக்கிறார். கண்ணாடி ஏழும் முழுசாக இருந்தன. மறைப்புச் செங்கல் ஒன்றை எடுத்து அளவுகோலை உள்ளே விட்டோம். மூன்று அங்குல இடத்தில் மண் எழும்பி வந்து, பீமுக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது நின்றிருந்தது.

கொத்தனார் அளவுகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, என்னோடு வேலை செய்த அத்தனை மாதத்திலும் கேட்காத மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஒரு அங்குலந்தான மிச்சம் மேடம். இதவிடப் பேய் மழ பேஞ்சா? நாலு அங்குலமா விட்டா என்ன?"

டிசைனருக்கு அப்படியே எழுதிப்போட்டேன். கரிசல் காட்டில் எங்கள் கம்பெனி அடுத்து எழுப்பிய கட்டடத்தின் வரைபடத்தில், பீமுக்கு அடியில் நான்கு அங்குலம் என்று இருந்தது.